ஹில்டே புரூக்

ஹில்டே புரூக் (மார்ச் 11, 1904 – டிசம்பர் 15, 1984) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குழந்தை நல மருத்துவரும் உளமருத்துவரும் ஆவார். உடற் பருமன், பசியற்ற உளநோய் (அனொரெக்சியா நெர்வோசா) முதலிய உண்ணல் கோளாறுகளைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வு செய்தார். உண்ணல் கோளாறு என்பது உணவைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று, தன் உடலையும் தன் உணர்வுகளையும் ஒருவர் அறிந்துகொள்ளும் முறையில் நேரும் சிக்கலும் ஆகும் என்பது இவருடைய முதன்மையான கருத்து. இக்கருத்து பின்னாளில் இந்நோயை முன்னரே கண்டறியப் பயன்படும் வினாக்கொத்துகளில் இடம்பெற்றது. அவ்வினாக்கொத்துகள் ஸ்பானிய மொழி உட்படப் பல மொழிகளுக்குத் தழுவப்பட்டுள்ளன.

வாழ்க்கைக் குறிப்பு

இளமையும் கல்வியும்

புரூக், ஜெர்மனியில் நெதர்லாந்து எல்லைக்கு அருகில் உள்ள டியூல்கென் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கால்நடை வணிகர். ஏழு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். பள்ளி நாட்களில் கணிதத்தில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்த இவர், கணித அறிஞராக விரும்பினார். ஆனால் ஒரு யூதப் பெண்ணுக்கு அத்துறையில் வேலை கிடைப்பது அரிது என்று எண்ணிய உறவினர் ஒருவர், மருத்துவம் படிக்குமாறு அறிவுறுத்தினார். அதனை ஏற்ற புரூக், ஃபிரைபூர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1929 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கீல், லைப்சிக் ஆகிய நகரங்களில் ஆய்வுப் பணியும் குழந்தை நல மருத்துவப் பயிற்சியும் மேற்கொண்டார்.

நாடு கடந்த வாழ்வு

பல்கலைக்கழகங்களில் யூத எதிர்ப்பு வளர்ந்து வந்ததால், 1932 இல் புரூக் கல்விப் பணியை விட்டு, டுசெல்டார்ஃப் நகருக்கு அருகில் உள்ள ராட்டிங்கென் என்னும் ஊரில் தனி மருத்துவமனை தொடங்கினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1933 சனவரியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று யூதர்களின் கடைகளையும் மருத்துவமனைகளையும் புறக்கணிக்கும் இயக்கம் நாடு முழுவதும் நடத்தப்பட்டது. இரண்டு மாதங்களுக்குப் பின் புரூக் இங்கிலாந்து சென்றார். இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழை மக்களுக்கான மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் ஓராண்டு பணியாற்றினார்.

1934 இல் அமெரிக்கா சென்று நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் இணைந்த குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். 1940 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இவருடைய உறவினர்களில் பலர் நாட்சி இனப்படுகொலையில் உயிரிழந்தனர். பெற்றோரை இழந்த ஒரு மருமகனைப் போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வரவழைத்துத் தம் மகனைப் போல வளர்த்தார். புரூக் திருமணம் செய்துகொள்ளவில்லை.

உளமருத்துவத்துக்கு மாறுதல்

குழந்தை நல மருத்துவராகப் பருமனான குழந்தைகளை ஆராய்ந்தபோது, உடலை மட்டும் அளந்து இந்நோயைப் புரிந்துகொள்ள இயலாது என்ற முடிவுக்கு புரூக் வந்தார். எனவே, 1941 முதல் 1943 வரை ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவித்தொகையுடன் பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் பயின்றார். அக்காலத்தில் அப்பகுதியில் பணியாற்றிய ஹாரி ஸ்டாக் சல்லிவன், ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் ஆகியோரின் கருத்துகள் இவரிடம் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தின. மனநோயை மனிதர்களுக்கிடையேயான உறவுகளின் வழியே நோக்க வேண்டும் என்பது சல்லிவனின் கொள்கை. ஃபிரோம்-ரைக்மனும் புரூக்கைப் போலவே ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூத மருத்துவர் ஆவார்.

1943 இல் நியூயார்க் திரும்பிய புரூக், மருத்துவப் பணியோடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தலையும் மேற்கொண்டார். 1964 இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் உள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் உளமருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இறுதிக் காலம் வரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.

இறுதிக் காலம்

முதுமையில் புரூக் பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டார். ஆயினும் நோயாளிகளுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் ஆலோசனை வழங்குவதையும் எழுதுவதையும் நிறுத்தவில்லை. 1984 டிசம்பர் 15 அன்று ஹூஸ்டன் நகரில் தமது 80 ஆம் அகவையில் காலமானார். இவர் முடிக்காமல் விட்டுச் சென்ற நூல், பிறரால் தொகுக்கப்பட்டு 1988 இல் வெளிவந்தது. இவருடைய வாழ்க்கை வரலாற்றை மருமகனின் மனைவி எழுதி 1996 இல் வெளியிட்டார்.

ஆய்வுகள்

குழந்தைகளின் உடற் பருமன்

1901 இல் வியன்னாவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஃபிரோலிக் என்பவர், மூளையடிச் சுரப்பியில் கட்டி ஏற்பட்டதால் உடல் பருத்தும் பருவ வளர்ச்சி குன்றியும் காணப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அதன்பின் பருமனான குழந்தைகள் பலருக்கும் அதே சுரப்பிக் குறைபாடு இருப்பதாகக் கருதும் வழக்கம் மருத்துவர்களிடையே பரவியது. சுரப்பிச் சாறுகளைக் கொண்டு மருத்துவமும் செய்யப்பட்டது.

புரூக் 1937 முதல் இக்குழந்தைகளை முறையாக ஆராய்ந்தார். அவர்களின் உயரம், எலும்பு வளர்ச்சி, பருவமடையும் வயது ஆகியவற்றை அளந்தார். சுரப்பிக் குறைபாடு இருந்தால் வளர்ச்சி குன்றியிருக்க வேண்டும். ஆனால் அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் தம் வயதுக்குரிய அளவைவிட உயரமாக இருந்தனர். எலும்பு வளர்ச்சியும் முந்தியே இருந்தது. ஆகவே சுரப்பிக் கொள்கை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று நிறுவினார். அடுத்து அவர்களின் குடும்பச் சூழலை ஆராய்ந்து, அன்பு, கவலை, குற்றவுணர்வு ஆகியவற்றுக்கு மாற்றாக உணவு அளிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார். இவ்வாய்வுகள் 1957 இல் நூலாக வெளிவந்தன.

பசியற்ற உளநோய்

உடல் மிக மெலிந்த நிலையிலும் உண்ண மறுக்கும் இந்நோயை, 1873 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வில்லியம் கல், பிரான்சில் சார்லஸ் லாசேக் ஆகியோர் தனித்தனியே விவரித்தனர். 1914 இல் ஜெர்மானிய மருத்துவர் மோரிஸ் சிம்மண்ட்ஸ், மூளையடிச் சுரப்பி அழிவதால் உடல் மெலிவதை விவரித்தபின், மெலிந்த நோயாளிகளுக்கும் சுரப்பிக் குறைபாடே காரணம் எனப் பல ஆண்டுகள் கருதப்பட்டது. பருமனுக்கும் மெலிவுக்கும் ஒரே சுரப்பியைக் காரணம் காட்டிய காலம் அது.

புரூக் 1962 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். இந்நோயின் அடிப்படையில் மூன்று சிக்கல்கள் இருப்பதாக அதில் விளக்கினார்.

1. உடற்படிமச் சிதைவு: எலும்பும் தோலுமாக இருக்கும் நிலையிலும் நோயாளி தன் உடல் சரியாக உள்ளது என்றோ பருத்துள்ளது என்றோ உறுதியாக நம்புகிறார்.

2. உள்ளுடல் உணர்வுகளை அறிவதில் குழப்பம்: பசி, நிறைவு, களைப்பு, குளிர் ஆகியவற்றை நோயாளியால் சரியாக இனங்காண இயலவில்லை. சினம், கவலை முதலிய உணர்ச்சிகளையும் பசியிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை.

3. இயலாமை உணர்வு: தான் செய்வன யாவும் பிறர் எதிர்பார்ப்புக்கு இணங்கவே நடக்கின்றன, தன் விருப்பப்படி எதுவும் இல்லை என்ற ஆழ்ந்த உணர்வு. உணவை மறுப்பது மட்டுமே தன் கட்டுப்பாட்டில் உள்ள செயலாக நோயாளிக்குத் தோன்றுகிறது.

நோயின் பெயர் பசியின்மையைக் குறித்தாலும், நோயாளிகள் உண்மையில் பசியற்றவர்கள் அல்லர் என்பதையும் இவர் வலியுறுத்தினார். அவர்களுடைய எண்ணம் முழுவதும் உணவைச் சுற்றியே இருப்பதைப் பலமுறை கண்டு எழுதியுள்ளார்.

இக்குழப்பத்தின் தோற்றத்தைக் குழந்தைப் பருவத்தில் தேடினார் புரூக். குழந்தை பசியால் அழலாம்; குளிராலோ அச்சத்தாலோ அழலாம். வளர்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மறுமொழி தந்தால், குழந்தை தன் உணர்வுகளைப் பிரித்தறியக் கற்கிறது. எல்லா அழுகைக்கும் உணவே விடையாகக் கிடைத்தாலோ, வளர்ப்பவரின் வசதிப்படியே உணவு தரப்பட்டாலோ அக்கல்வி நிகழ்வதில்லை. பசி என்பதும் ஓரளவு கற்றுக்கொள்ளப்படும் உணர்வே என்பது இவருடைய கொள்கை.

மருத்துவ முறை

நோயாளியின் ஆழ்மனத்தில் உள்ளதை மருத்துவர் எடுத்துரைக்கும் மரபான உளப்பகுப்பாய்வு முறை இந்நோயாளிகளுக்குப் பயன்படாது என்று புரூக் கருதினார். தன் உணர்வு என்னவென்பதைப் பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்தவரிடம் மருத்துவரும் அதையே செய்தால், பழைய அனுபவம் மீண்டும் நிகழ்கிறது. எனவே மருத்துவர் தாம் அறியாததை அறியாததாகவே ஏற்று, பொறுமையுடன் கேட்க வேண்டும். நோயாளி தன் உணர்வுக்குத் தானே சொல் கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்றார். அதே வேளையில், கடும் பட்டினியில் மூளையும் மனமும் பாதிக்கப்படுவதால், உடல் எடையை ஓரளவு மீட்ட பின்னரே உளமருத்துவம் பயன்தரும் என்பதையும் வலியுறுத்தினார்.

பொற்கூண்டு

1978 இல் வெளிவந்த தி கோல்டன் கேஜ் என்னும் நூல் இவரைப் பொதுமக்களிடையே புகழ்பெறச் செய்தது. பொற்கூண்டு எனப் பொருள்படும் இத்தலைப்பு, தன்னைப் பொற்கூண்டில் அடைபட்ட சிட்டுக்குருவியாகக் கருதிய ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. வசதியான வீட்டின் பகட்டுக்குத் தான் தகுதியற்றவள் என்றும், விரும்பியதைச் செய்யும் உரிமையும் தனக்கு இல்லை என்றும் அப்பெண் எண்ணினார். எளிய நடையில் அமைந்த இந்நூல், இந்நோயைப் பற்றி அதுவரை அறியாத பெற்றோரையும் ஆசிரியர்களையும் சென்றடைந்தது. பின்னர் ஸ்பானிய மொழியிலும் வெளிவந்தது.

வினாக்கொத்துகளில் புரூக்கின் கருத்துகள்

புரூக்கின் முறைக்கு நீண்ட நேரமும் தேர்ந்த மருத்துவரும் தேவை. ஒரு பள்ளியில் உள்ள அனைவரையும் அம்முறையில் ஆராய இயலாது. மேலும் இந்நோயாளிகள் பெரும்பாலும் தம் நோயை மறைப்பர் அல்லது மறுப்பர். காலம் தாழ்த்தினால் நோய் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே யாரை மேலும் ஆராய வேண்டும் என்பதை விரைவில் காட்டும் முதற்கட்டச் சோதனைகள் தேவைப்பட்டன.

கனடாவின் டொராண்டோ நகரில் டேவிட் கார்னர், பால் கார்ஃபிங்கெல் ஆகியோர் 1979 இல் 40 வினாக்கள் கொண்ட உண்ணல் மனப்பான்மைச் சோதனையை வெளியிட்டனர். இது பெரும்பாலும் உணவு, எடை தொடர்பான நடத்தையை அளப்பது. 1983 இல் கார்னர், மரியன் ஓல்ம்ஸ்டெட், ஜேனட் போலிவி ஆகியோர் 64 வினாக்களும் 8 பிரிவுகளும் கொண்ட உண்ணல் கோளாறு வினாக்கொத்தை உருவாக்கினர். இதில் மெலிவதற்கான வேட்கை, உடல் மீதான நிறைவின்மை முதலிய பிரிவுகளுடன், உள்ளுடல் உணர்வறிதல், இயலாமை உணர்வு ஆகியனவும் தனிப் பிரிவுகளாக இடம்பெற்றன. இவ்விரண்டும் புரூக்கின் 1962 ஆம் ஆண்டுக் கட்டுரையில் கூறப்பட்டவையே. 1991 இல் இது 91 வினாக்களாக விரிவாக்கப்பட்டது. மூன்றாம் பதிப்பு 2004 இல் வெளிவந்தது.

ஸ்பானிய மொழித் தழுவல்

ஒரு மொழியில் உருவான வினாக்கொத்தைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பயன்படுத்த இயலாது. முதலில் மொழிபெயர்த்து, மூலத்தை அறியாத ஒருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி, பொருள் மாறுபட்ட இடங்களைத் திருத்துவர். பின்னர் சிலரிடம் கொடுத்து, வினாக்கள் விளங்குகின்றனவா எனப் பார்ப்பர். ஒரு பிரிவின் வினாக்கள் ஒன்றுக்கொன்று இசைந்த விடைகளைப் பெறுகின்றனவா என்பதைக் கொண்டு நம்பகத்தன்மை கணிக்கப்படும். இறுதியாக, மருத்துவர் நேரில் கண்டு செய்த நோயறிதலுடன் முடிவுகளை ஒப்பிட்டு ஏற்புடைமை நிறுவப்படும்.

நடத்தையைக் கேட்கும் வினாக்களைவிட உள்ளுணர்வைக் கேட்கும் வினாக்களை மாற்றுவது கடினம். உண்பதற்கு முன் கலோரி பார்ப்பதுண்டா என்ற கேள்வி எம்மொழியிலும் ஏறத்தாழ ஒன்றே. தனக்குள் எழுவது பசியா, வேறோர் உணர்ச்சியா என்ற குழப்பத்தைக் கேட்கும்போது, அம்மொழி பேசும் இளம்பெண் தன்னைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்தும் சொல்லே வேண்டும். சொல் மாறினால் அளக்கப்படுவதும் மாறிவிடும்.

உண்ணல் மனப்பான்மைச் சோதனையின் ஸ்பானிய வடிவம், ஸ்பெயினைச் சேர்ந்த ஹோசெஃபினா காஸ்ட்ரோ, ஜுசெப் டோரோ முதலியோரால் 1991 இல் ஏற்புடைமை காணப்பட்டது. பசியற்ற உளநோய் கொண்ட 78 பேரும் நோயற்ற 78 பேரும் அதில் ஒப்பிடப்பட்டனர். மூலத்தில் 30 மதிப்பெண் என்பதே நோய்க்கு வாய்ப்புள்ளவரைப் பிரிக்கும் எல்லை. அதே எல்லையை ஸ்பானிய வடிவத்தில் கொண்டபோது நோயாளிகளில் 67.9 விழுக்காட்டினர் மட்டுமே கண்டறியப்பட்டனர். அதாவது மூவரில் ஒருவர் தப்பினார். நோயற்றவர்களில் 85.9 விழுக்காட்டினர் சரியாக நோயற்றவர் எனக் காட்டப்பட்டனர். எல்லையை 20 ஆகக் குறைத்தபோது கண்டறியப்பட்ட நோயாளிகள் 91 விழுக்காடாக உயர்ந்தனர். ஆனால் நோயற்றவர்களைச் சரியாகக் காட்டும் அளவு 69.2 விழுக்காடாகக் குறைந்தது. முதல் அளவு உணர்திறன் என்றும் இரண்டாவது தனித்தன்மை என்றும் வழங்கப்படும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 1000 மாணவியருள் 20 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். எல்லை 20 எனில், நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 18 பேர் கண்டறியப்படுவர். ஆனால் நோயற்ற 980 பேரில் ஏறத்தாழ 300 பேரும் உடன் சுட்டப்படுவர். எல்லை 30 எனில், தவறாகச் சுட்டப்படுவோர் ஏறத்தாழ 140 ஆகக் குறைவர். ஆனால் நோயுள்ளவர்களில் ஆறு அல்லது ஏழு பேர் தப்பிவிடுவர். எனவே வினாக்கொத்து நோயை உறுதிசெய்யும் கருவி அன்று. யாருடன் அமர்ந்து பேச வேண்டும் என்பதைக் காட்டும் கருவியே ஆகும்.

உண்ணல் கோளாறு வினாக்கொத்தின் இரண்டாம் பதிப்பு 1998 இலும், மூன்றாம் பதிப்பு 2010 இலும் ஸ்பெயினுக்கெனத் தழுவப்பட்டன. மெக்சிகோவில் அந்நாட்டுப் பெண்களிடையே தனி ஆய்வு நடத்தப்பட்டு 2003 இல் முடிவுகள் வெளியாயின. மொழி ஒன்றே ஆயினும் நாடு மாறினால் மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

இங்கிலாந்தில் 1999 இல் வெளியான ஐந்து வினாக்கள் கொண்ட ஸ்காஃப் சோதனையின் ஸ்பானிய வடிவம் 2005 இல் ஏற்புடைமை காணப்பட்டது. மூலத்தில் எடை இழப்பு, பிரித்தானியரின் ஸ்டோன் என்னும் அலகில் கேட்கப்படுகிறது. ஒரு ஸ்டோன் ஏறத்தாழ 6.35 கிலோகிராம். இவ்வலகு ஸ்பானியர்க்கு விளங்காது என்பதால் கிலோகிராமுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஐந்து வினாக்களின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயரும் ஸ்பானிய மொழியில் தன் பொருளை இழந்தது.

திறனாய்வுகள்

புரூக்கின் கருத்துகள் அனைத்தும் இன்று ஏற்கப்படுவதில்லை. நோயின் தோற்றத்துக்குத் தாயின் வளர்ப்பு முறையைப் பெரிதும் காரணமாக்கியதால், பல பெற்றோர் தேவையற்ற குற்றவுணர்வுக்கு ஆளாயினர் என்று கூறப்படுகிறது. இவருடைய நோயாளிகளுள் பலர் வசதியான குடும்பத்துப் பெண்கள் என்பதால், ஆண்களிலும் பிற வகுப்பினரிலும் இந்நோய் இருப்பது நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்ப மருத்துவ முறை, பெற்றோரை நோயின் காரணமாகக் கருதாமல் மருத்துவத்தின் துணைவராக ஏற்றது. இளம் நோயாளிகளிடம் நல்ல பயனும் அளித்தது. 2019 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, இந்நோயுடன் தொடர்புடைய எட்டு மரபணு இடங்களைக் கண்டறிந்தது.

எனினும், நோயாளியின் எடையை மட்டுமன்றி அவர் தம்மை உணரும் விதத்தையும் கேட்டறிய வேண்டும் என்ற புரூக்கின் நிலைப்பாடு நிலைத்துவிட்டது. உள்ளுடல் உணர்வறிதல் இப்போது நரம்பியல் ஆய்வாளர்களும் ஆராயும் துறையாக வளர்ந்துள்ளது.

எழுதிய நூல்கள்

தலைப்புகள் தமிழில் பொருள்பெயர்த்துத் தரப்பட்டுள்ளன.

1952 – உங்கள் குழந்தையைக் கண்டு அஞ்ச வேண்டாம்
1957 – மிகை எடையின் முக்கியத்துவம்
1973 – உண்ணல் கோளாறுகள்: உடற் பருமன், பசியற்ற உளநோய், உள்ளிருக்கும் மனிதர்
1974 – உளமருத்துவம் கற்றல்
1978 – பொற்கூண்டு: பசியற்ற உளநோயின் புதிர்
1988 – பசியற்ற உளநோயாளிகளுடன் உரையாடல்கள் (மறைவுக்குப் பின் வெளிவந்தது)